அதே நடையில் அரிசி கொடுங்கள்

பொது விநியோகத் திட்டத்தை நடத்தும் உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நீலகிரி மாவட்டம் கூடலூர், பந்தலூர் தாலுகாக்களின் தேயிலைக் காட்டிலிருந்து எழுதுகிறோம். ரேஷன் கடைக்குக் கைரேகை முறை 2020 அக்டோபரில் எப்படி வந்தது, எதற்காக வந்தது என்பதெல்லாம் எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

சென்ற மாதக் கடைசியில் வயநாட்டு எல்லையை ஒட்டிய பகுதி நேரக் கடை ஒன்றில், கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா மூன்றாவது முறையாக வெறும் பையோடு திரும்பினார். கடையில் அரிசி இருந்தது. அவர் கையில் அட்டை இருந்தது. விற்பனையாளருக்கு அவரைப் பல வருடமாகத் தெரியும். விரல் மட்டும் விழவில்லை. “நாளைக்கு வாங்கம்மா” என்றார் விற்பனையாளர். பகுதி நேரக் கடையில் நாளை என்றால் மூன்று நாள் கழித்து. அந்த மூன்று நாளில் மாதம் முடிந்துவிட்டது. மாதம் முடிந்தால் அந்த மாத அரிசி போனதுதான், அடுத்த மாதத்தோடு சேர்த்துத் தரும் வழக்கம் இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ரேகை விழவில்லை என்றால் அன்றைக்கே, வந்த அதே நடையில், பொருளைக் கொடுத்து அனுப்புங்கள். மீதி எழுதுவதெல்லாம் அது ஏன் விழவில்லை, என்ன செய்தால் விழும் என்பதைப் பற்றி.

ஒரு கிலோ பச்சைக் கொழுந்து சேர ஆயிரம் கிள்ளலுக்குக் குறையாது. இருபத்தைந்து கிலோ நிறுக்கும் நாளில் இருபத்தைந்தாயிரம் தடவை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசுகின்றன. இலைச்சாறு காற்றுப் பட்டதும் கறுத்து, ரேகைப் பள்ளங்களில் கறையாக இறங்குகிறது. சோப்புப் போட்டாலும் சீக்கிரம் போகாது. பனிக்காலத்தில் தோல் வெடித்து மெல்லிய பிளவுகள் விழும். ரேகை மேடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளைத்தான் கருவி கணக்கெடுக்கிறது. மேடு தேய்ந்தால் புள்ளி குறைகிறது. வெடிப்பு விழுந்தால் இல்லாத புள்ளி முளைக்கிறது. ஆதார் எடுத்த அன்று கொடுத்த ரேகையோடு அது எப்படிப் பொருந்தும்?

மழைக்காலத்தில் நேர் எதிர்த் தொல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தேவாலா, சேரம்பாடிப் பக்கம் விரல் காய்வதே கிடையாது. ஈர விரலைக் கண்ணாடியில் வைத்தால் பள்ளத்திலும் தண்ணீர் நின்று, மேடும் பள்ளமும் ஒரே கறுப்புத் தீற்றலாகத் தெரியும். காய்ந்த விரலோ கண்ணாடியில் சரியாக ஒட்டாமல் விட்டுவிட்டுப் பதியும். பெண்கள் விரலைத் தலைமுடியில் தேய்த்துவிட்டு வைப்பதைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். மூடநம்பிக்கை என்று சிரிக்க வேண்டாம். முடியிலுள்ள எண்ணெய்ப் பசை காய்ந்த தோலைக் கண்ணாடியில் ஒட்ட வைக்கிறது. உங்கள் பயிற்சியில் சொல்லித் தராததை அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

சொல்லித் தராத இன்னொன்றும் உண்டு. அதிகம் தேய்வது வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். கடையில் “விரலை வைங்க” என்றதும் எல்லோரும் பழக்கத்தில் நீட்டுவதும் அதே இரண்டைத்தான். ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கிறது, எந்த விரலை வைத்தாலும் செல்லும். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இடது மோதிர விரலும் சுண்டு விரலும் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். எந்த விரல் நன்றாக விழுகிறது என்று ஒரு முறை சோதித்துக் குறித்துவைக்கும் வசதியும், இரண்டு விரலைச் சேர்த்து அனுப்பும் வசதியும் ஆதார் அமைப்பிலேயே உண்டு. நன்றாக விழும் விரல் எது என்பதை அட்டையின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகும்? விரலை நெற்றிப் பொட்டை அழுத்துகிற மாதிரி அழுத்தக் கூடாது, அழுத்தினால் மேடு நசுங்கும். கருவி வெயில் விழும் ஜன்னலோரம் இருக்கக் கூடாது. கண்ணாடியில் படிந்த பிசுக்கை முந்தைய ஆள் போனதும் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலே பாதிப் பேருக்கு விழும் என்று கடை நடத்துகிறவர்களே சொல்கிறார்கள்.

மீதிப் பாதிக்கு விழாது. அவர்களைப் பற்றித்தான் இந்த மடல்.

“ஆதாரைப் புதுப்பித்துக்கொண்டு வாங்க” என்பது கடைகளில் கிடைக்கும் அடுத்த பதில். தேய்ந்த விரலை மறுபடி பதிந்தால் தேய்ந்த ரேகைதான் பதிவாகும். மேல்தோல் சுமார் ஒரு மாதத்தில் புதிதாகிவிடும், ஆழமான தழும்பு இல்லாவிட்டால் ரேகையும் கூடவே மேலே வரும். ஆக, ஒரு மாதம் கொழுந்துக்குப் போகாமல் இருந்தால் ரேகை வரும், ரேகை வந்தால் அரிசி வரும். அந்த ஒரு மாதம் எதைச் சாப்பிடுவது என்று மட்டும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் தேவலை.

மன்னிக்கவும். சொல்ல வந்தது இது: நீலகிரியில் கொழுந்து அதிகமாக வருவது ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும். ஜனவரி முதல் மார்ச் வரை பறிப்பு குறைவு, விரலுக்கும் கொஞ்சம் ஓய்வு. ஆதார் புதுப்பிக்கும் முகாமைத் தோட்டத்துக்குள்ளேயே பிப்ரவரிக் கடைசியில் வையுங்கள். மழையிலும் கொழுந்துக் காலத்திலும் வைத்தால் முகாமுக்குக் கூட்டம் சேரும், பதிவின் தரம் சேராது.

ஓடிபி இருக்கிறதே என்பீர்கள். ஆதாரோடு இணைத்த எண் பலரிடம் இப்போது இல்லை. ரீசார்ஜ் போடாமல் செத்துப்போன சிம்கள் அவை. இருந்தாலும் போனுக்கு வரும் அந்த ஓடிபி பத்து நிமிடம்தான் செல்லும். தாளூர், எருமாடு, பாட்டவயல் பக்கம் நின்று பாருங்கள். போன் ஒரு நிமிடம் தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடிக்கும், அடுத்த நிமிடம் கேரளத்துக் கோபுரத்துக்குத் தாவி, கேரளா உங்களை அன்புடன் வரவேற்கும். அதனால் கட்டணம் அதிகமாவதில்லை, சரி. தாவும்போது இணைப்பு அறுகிறது. ஓடிபி, ஆள் கடையிலிருந்து ஏறி மேட்டுக்கு வந்த பிறகு வந்து சேரும். கடைக் கருவிக்குள் இருக்கும் சிம்முக்கும் இதே கதிதான். அந்தந்த இடத்தில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நிலையாக நிற்கிறது என்று பார்த்து சிம் போடுவதும், நெட்வொர்க்கைத் தானாகத் தேட விடாமல் கையால் தேர்ந்தெடுத்து நிறுத்துவதும், கூரைமேல் ஒரு ஆன்டெனா வைப்பதும் ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது.

பிழை எது என்று சொல்லாமல் எல்லாவற்றுக்கும் “சர்வர் பிராப்ளம்” என்ற ஒரே பெயர் வைத்திருப்பது இன்னொரு தலைவலி. ஆதார் அமைப்பு திருப்பி அனுப்பும் எண்களுக்குத் தனித்தனிப் பொருள் இருக்கிறது. 300 வந்தால் ரேகை பொருந்தவில்லை, வேறு விரல் வைக்கலாம். 330 வந்தால் அட்டைதாரர் பெயரில் ரேகை பூட்டப்பட்டிருக்கிறது, விரலைத் தேய்த்துப் பிரயோஜனமில்லை. 811 வந்தால் பதிவிலேயே ரேகை இல்லை, அவர் புதுப்பிக்கத்தான் வேண்டும். 561 வந்தால் கருவியின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது, பேட்டரி செத்துத் தேதி மாறியிருக்கும், அதைச் சரிசெய்தால் போதும். இந்த நான்கையும் தமிழில் நான்கு வரியாகத் திரையில் காட்டினால், கடிகாரக் கோளாறுக்காக ஒரு கிழவி நான்கு கிலோமீட்டர் நடந்து ஆதார் மையம் தேடிப் போகமாட்டாள்.

நடை என்று லேசாக எழுதிவிட்டோம். பாடியிலிருந்து, அதாவது தோட்டத்துக் குடியிருப்பிலிருந்து, கடைக்குப் போவது என்றால் அன்று அரை நாள் சம்பளம் போகும். காலையில் மஸ்டரில் பெயர் கொடுத்து வேலைக்காடு போனவர் கடை நேரத்துக்கு வர முடியாது, கடை நேரத்துக்கு வந்தவர் வேலைக்காடு போக முடியாது. சாயங்காலம் போகலாம் என்றால் வழியில் யானை நிற்கும். மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ அரிசி, அதைச் சுமக்க ஜீப்பில் இடம் பிடிக்க வேண்டும். மூன்று முறை வந்து திரும்பினால் மூன்று அரை நாள், மூன்று ஜீப் வாடகை. இலவச அரிசிக்கு எங்கள் ஊரில் கொடுக்கும் விலை இது. அதனால்தான் அதே நடையில் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

விதியில் இதற்கு இடமில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஆதார் இல்லை என்றோ, ரேகை பொருந்தவில்லை என்றோ, இணைப்பு இல்லை என்றோ யாருக்கும் தானியம் மறுக்கக் கூடாது, அப்படிக் கொடுத்ததைத் தனிப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபர் 24-ஆம் தேதியிட்ட கடிதத்தில் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிவிட்டது. பதிவேடு என்றால் ஒரு நீள நோட்டு. அட்டை எண், பொருள், அளவு, என்ன பிழை, கையெழுத்து. அந்த நோட்டைத் திறக்க விற்பனையாளர் பயப்படுகிறார். கைரேகையில் போட்ட பில் இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று மேலிருந்து கேட்கும்போது, நோட்டில் ஏறும் ஒவ்வொரு பெயரும் அவருக்கு ஒரு விளக்கக் கடிதம். மூன்று முறை ஆளைத் திருப்பி அனுப்பினால் அவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்தக் கணக்கை உண்டாக்கியது நீங்கள், பழி கவுண்டரில் நிற்கிறவருக்கு.

தராசையும் ப்ளூடூத்தில் பில் கருவியோடு இணைத்தீர்கள். எடை குறையாமல் கிடைக்கிறது, அதற்கு நன்றி, மனதாரவே சொல்கிறோம். ஆனால் மழையில் கரண்ட் போன நாளில் தராசும் கருவியும் சேர்ந்தே படுத்துவிடுகின்றன. கடைக்கு ஒரு நல்ல பேட்டரியும் கொடுத்திருக்கலாம்.

2025 ஆகஸ்டில் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் வந்தது. நல்ல திட்டம். தொடங்கும்போது அது 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும். ஐம்பது வயதில் தினமும் காடேறிக் கொழுந்து பறிக்கிறவர் இரண்டிலும் சேரமாட்டார். உழைக்கும் தெம்பு இருக்கிறது, உழைத்ததால் ரேகை இல்லை. அவருக்கு எந்தப் பட்டியலில் இடம்?

இங்கே ஒரு பழைய கதையையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் இந்த மலைகளில் அரசே தேயிலை நட்டது, 1976-இல் அது டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. வந்தவர்களில் பலர் காகிதங்களில் கைநாட்டு வைத்துத்தான் வந்தார்கள். கைநாட்டு என்று கேலி பேசிய காலம் அது. அவர்களின் பிள்ளைகள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு வந்து நின்றால், கையெழுத்து வேண்டாம், கைநாட்டு வை என்கிறது அரசு. வைக்கலாம்தான். ரேகையைத் தேயிலைச் செடியில் விட்டுவிட்டார்கள்.

கருவிழிக் கருவி இதற்கு நல்ல மாற்று. மாநிலத்தின் பல கடைகளுக்கு அது வந்துவிட்டது. கொழுந்து பறிப்பதால் கருவிழி தேயாது. தோட்டப் பகுதிக் கடைகளுக்கு முதலில் கொடுத்திருக்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். பரவாயில்லை, இப்போதாவது கொடுங்கள். கொடுக்கும்போது கூடவே சொல்லிக் கொடுங்கள்: வெயில் நேராகக் கண்ணில் விழாத மூலையில் ஆளை நிறுத்த வேண்டும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்ல வேண்டும், இமையை நன்றாகத் திறக்க வேண்டும், கருவியைக் கண்ணுக்குச் சொன்ன தூரத்தில் ஆடாமல் பிடிக்க வேண்டும். கண்புரை முற்றிய பெரியவர்களுக்கு இதுவும் சில நேரம் தவறும். அப்போதும் அந்த நீள நோட்டு வேண்டும்.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இரண்டு விரல், அடுத்து வேறு இரண்டு விரல், பிறகு கருவிழி, பிறகு ஓடிபி. நான்கும் தவறினால் நோட்டில் எழுதிக்கொண்டு அன்றைக்கே பொருள். மொத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. நோட்டில் எழுதியதற்காக எந்த விற்பனையாளரிடமும் விளக்கம் கேட்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் மாதம் ஒரு முறை ஆய்வாளர் வந்து நோட்டில் உள்ள வீடுகளுக்குப் போய்ப் பார்க்கட்டும். நடக்க வேண்டியது அவர்தான், அவருக்குப் பயணப்படி உண்டு.

மூன்று முறை திரும்பிய அந்த அம்மாவுக்குச் சென்ற மாத அரிசியை இந்த மாதத்தோடு சேர்த்துக் கொடுக்க உத்தரவிடுங்கள். பிறகு மேலே சொன்ன ஐந்து படிகளையும் ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்து, ஒவ்வொரு கடையிலும் வாசலைப் பார்த்த சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கூடலூர்–பந்தலூர் பகுதி ரேஷன் அட்டைதாரர்கள்