கூட்டைக் காக்கும் பாஸ் மீனுக்குத் தூண்டில் போடவேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வசந்தகாலப் பொழுதுபோக்குகள் பற்றிய உங்கள் அண்மைய பக்கத்தில், மே மாத நடுவில் ஏரிக்கரைக்குப் போனால் பாஸ் என்னும் நன்னீர் வேட்டை மீன்கள் கண்ணுக்குத் தெரியும் ஆழத்திலேயே நிற்கும், புதியவர்களுக்கும் இலகுவாக அகப்படும் என்று எழுதப்பட்டிருந்தது. மீன் அங்கே நிற்பதும் உண்மை, இலகுவாக அகப்படுவதும் உண்மை. ஆனால் தெற்கு ஒன்ராறியோவின் பெரும்பாலான ஏரிகளில் அந்த நேரத்தில் பாஸ் பிடிப்பது சட்டப்படி குற்றம். பிடித்து உடனே விட்டாலும் குற்றம்தான். "பிடிச்சிட்டு விடுறதுதானே, அதிலென்ன?" என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். மூடிய பருவத்தில் அந்த மீனைக் குறிவைத்துத் தூண்டில் போடுவதற்கே அனுமதி இல்லை. வேறு மீனுக்குப் போட்டதில் தற்செயலாக பாஸ் மாட்டினால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். படம் எடுக்கவும் எடை பார்க்கவும் அதில் இடமில்லை.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இணையக் காணொளிகள். புளோரிடாவில் பாஸ் தை, மாசியிலேயே கூடு கட்டிவிடும். அங்கே பருவம் மூடப்படுவதுமில்லை. கூட்டில் நிற்கும் மீனைக் கண்ணால் பார்த்தே பிடிக்கும் முறையை அங்கே ஒரு கலையாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். நீண்ட வெப்பகாலம் உள்ள அந்த ஏரிகளுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது வேறு விவாதம். ஒன்ராறியோவுக்கு அது பொருந்தாது.

இங்கே பிடிபடும் பாஸ் இரண்டு வகை: ஸ்மோல்மவுத், லார்ஜ்மவுத். கரையோரத் தண்ணீர் 13 பாகை செல்சியஸைத் தாண்டும்போது ஆண் ஸ்மோல்மவுத் பாஸ் கூடு கட்டத் தொடங்கும். 15 முதல் 18 பாகைக்குள் பெரும்பாலும் முட்டையிடல் நடக்கும். லார்ஜ்மவுத் சற்றுப் பிந்தி, 16 பாகையளவில் தொடங்கும். ஆண் மீன் வாலால் அடித்து அடிமண்ணைத் துப்புரவாக்கி வட்டமான பள்ளம் ஒன்றை உண்டாக்கும். மேலிருந்து பார்த்தால் சுற்றியுள்ள அடித்தளத்தைவிட வெளிறிய ஒரு வட்டமாக அது தெரியும். ஸ்மோல்மவுத்துக்குச் சரளைக்கல்லும் பருமணலும் பிடிக்கும். பக்கத்தில் ஒரு பெரிய கல்லோ விழுந்த மரமோ இருந்தால் இன்னும் நல்லது. லார்ஜ்மவுத் காற்றடிக்காத குடாக்களில், கோரை வேர்களுக்கிடையில், அரை மீற்றர் முதல் ஒன்றரை மீற்றர் ஆழத்தில் கட்டும். தெளிந்த ஏரியில் ஸ்மோல்மவுத்தின் கூடு மூன்று நான்கு மீற்றர் ஆழத்திலும் இருக்கலாம்.

பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன் பிறகு காவல் முழுவதும் ஆண் மீனுடையது. சூட்டைப் பொறுத்து மூன்று முதல் பத்து நாளில் முட்டை பொரிக்கும். குஞ்சுகள் மஞ்சட்கரு தீரும்வரை கூட்டுக்குள்ளேயே கிடந்து, பிறகு ஒரு கூட்டமாக மேலெழும். அப்போதும் தகப்பன் கூடவே திரியும். மொத்தத்தில் மூன்று முதல் ஐந்து வாரம் வரை அது ஒழுங்காக இரை தின்பதில்லை. அந்த நாட்களில் அது உங்கள் ரப்பர் புழுவைக் கவ்வுவது பசியினால் அல்ல, கூட்டுக்குள் வந்த எதையும் வெளியே தள்ளுவதற்காக. அதனால்தான் "இலகுவாக அகப்படுகிறது".

அதைத் தூக்கியெடுத்த அந்தச் சில நிமிடங்களில் என்ன நடக்கிறது என்பதைத்தான் பலரும் நினைப்பதில்லை. புளூகில், பம்கின்சீட், ரொக் பாஸ், பேர்ச் ஆகிய சிறு மீன்கள் எல்லாம் கூட்டைச் சுற்றி எந்நேரமும் காத்திருக்கும். ஈரி ஏரி போன்ற பேரேரிகளில் வெளியிலிருந்து வந்து பரவிய ரவுண்ட் கோபி என்ற மீனும் சேர்ந்துகொண்டுள்ளது. காவல் மீன் அகன்றதும் நிமிடக்கணக்கில் அவை முட்டைகளில் புகுந்துவிடும். விடப்பட்ட மீன் களைத்துப்போய்த் திரும்பி வரும்போது முட்டைகள் வெகுவாகக் குறைந்திருந்தால், எஞ்சியவற்றையும் அது கைவிட்டுவிடுவதுண்டு. கிங்ஸ்ரனுக்கு வடக்கே ஓபினிக்கன் ஏரியில், குயீன்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையத்தை மையமாகக் கொண்டு பாஸ் கூடுகள் பற்றிப் பல பத்தாண்டுகளாக நடக்கும் ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. மீன் உயிரோடு நீந்திப் போனது என்பதால் சேதம் இல்லை என்று எண்ணுவது தவறு.

இன்னொன்றும் உண்டு. பொதுவாகப் பெரிய ஆண் மீன்களே முதலில் கூடு கட்டுகின்றன. முந்திப் பொரித்த குஞ்சுக்கு வளர நீண்ட கோடை கிடைக்கும். நம் குளிர்காலம் முழுவதும் பாஸ் குஞ்சு ஏறக்குறைய ஒன்றும் தின்னாது, உடலில் சேர்த்த கொழுப்பில்தான் தாக்குப்பிடிக்க வேண்டும். இலையுதிர்காலத்துக்குள் போதிய அளவு வளராத குஞ்சு பனிக்கட்டிக்குக் கீழேயே பட்டினியால் செத்துப்போகும். மே மாதத்தில் கரையிலிருந்து முதலில் கண்ணில் படும் அந்தப் பெரிய மீன்தான், அடுத்த ஆண்டுவரை பிழைக்க அதிக வாய்ப்புள்ள குஞ்சுகளின் காவற்காரன்.

எனவே நாட்காட்டியைவிட வெப்பமானி முக்கியம். சாதாரண மீன்தொட்டி வெப்பமானியைக் கயிற்றில் கட்டி, ஒரு மீற்றர் ஆழத்தில் ஐந்து நிமிடம் விட்டு, காலையில் பாருங்கள். பிற்பகலில் மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், அந்த மெல்லிய மேற்படை மட்டும் சில பாகை கூடுதலாகச் சுட்டிருக்கும். ஒரே ஏரியில்கூட வடகரைக் குடாக்கள் முந்திச் சூடேறும். தெற்கு வெயில் நேரே படும், வடகாற்றும் படாது. ஆழமான, திறந்த பகுதி ஒரு வாரமோ இரண்டு வாரமோ பிந்தும். இடையில் கடுங்குளிர் வந்து தண்ணீர் சட்டென்று ஆறினால் கூடுகள் கைவிடப்பட்டு, சில மீன்கள் மறுபடி கட்டும். பௌர்ணமியைக் கணக்கிட்டுப் பேசுபவர்களும் உண்டு. வெப்பமானி வேறு சொன்னால் வெப்பமானியையே நம்புங்கள்.

மே மாதத்தில் தூண்டில் போடாமல் இருக்க முடியாது என்பவர்களுக்கு கிராப்பி என்ற மீன் இருக்கிறது. மாகாணத்தின் தெற்கு மீன்பிடி வலயங்கள் பலவற்றில் அதற்கு ஆண்டு முழுவதும் பருவம் திறந்திருக்கும். மிதவைக்குக் கீழே அரை மீற்றர் முதல் ஒரு மீற்றர் விட்டு, இரண்டு கிராம் ஜிக் (எடை பொருத்திய முள்), நான்கு முதல் ஆறு இறாத்தல் பாரம் தாங்கும் நூல் போதும். அதே குடாவில் பாஸும் இருக்கும் என்பதால் ஒன்று தற்செயலாக மாட்டலாம். இரண்டாவதும் மாட்டினால் அந்த இடத்தை விட்டு நகருங்கள்.

பாஸ் பருவம் இந்த வலயங்களில் பெரும்பாலும் ஜூன் பிற்பாதியில் ஒரு சனிக்கிழமை திறக்கும். அன்று பலர் செய்யும் தவறு, மே மாதத்தில் மீன் பார்த்த அதே இடத்துக்கு ஓடுவது. பெண் மீன்கள் அங்கே இல்லை. முட்டையிட்டுக் களைத்தவை குடாவின் வாயில், தரை முதன்முதலாகச் சரியும் இடத்தில், இரண்டரை முதல் ஐந்து மீற்றர் ஆழத்தில், நீர்க்களையின் வெளி விளிம்பிலும் படகு மேடைகளின் நிழலிலும் ஒதுங்கியிருக்கும். துரத்திப் பிடிக்கும் வலு அவற்றுக்கு இன்னும் வந்திருக்காது. வேகமாக இழுக்கும் இரைகள் அந்த வாரத்தில் தோற்பதற்கு அதுதான் காரணம்.

மெதுவாக மூழ்கும் ஐந்து அங்குல ரப்பர் புழு அப்போது நன்றாக வேலை செய்யும். ஈயம் வேண்டாம். 1/0 அளவு முள்ளைப் புழுவின் நடுவில் குறுக்காகக் குத்துங்கள். வெறுமனே குத்தினால் சில எறிகளில் புழு கிழிந்துபோகும், நடுவில் ஒரு சிறு ரப்பர் வளையம் போட்டு அதற்கடியில் முள்ளை மாட்டினால் நின்றுபிடிக்கும். பத்து இறாத்தல் பின்னல் நூலின் நுனியில் தண்ணீரில் எளிதில் தெரியாத புளோரோகார்பன் நூல், எட்டு இறாத்தல், இரண்டு மீற்றர் கட்டுங்கள். தெளிந்த தண்ணீரில் பின்னல் நூல் மீனுக்குத் தெரியும். எறிந்த பின் நூலைத் தளர்வாக விட்டு, புழு தானாக அசைந்து கீழே இறங்க விடுங்கள். கடி கையில் உணரப்படுவது குறைவு, நூல் பக்கவாட்டில் நகர்வதைத்தான் பார்க்கவேண்டும். பார்க்காமல் இருந்தால் மீன் புழுவை விழுங்கி முள் தொண்டையில் ஏறிவிடும். இந்த முறையின் உண்மையான பிரச்சினை இதுதான். நூல் நகர்ந்தால் தாமதிக்காமல் சுற்றி இறுக்குங்கள். முள் ஆழத்தில் போய்விட்டால் பிடுங்க முயலாமல், நூலை முள்ளுக்கு அருகில் வெட்டி மீனை விடுங்கள்.

ஸ்மோல்மவுத்துக்கு, கல்லும் மணலும் சேரும் சரிவுகளில், டிராப்ஷொட் முறை நல்லது, அதாவது எடையை நூலின் நுனியிலும் முள்ளை அதற்கு மேலேயும் கட்டுவது. முள்ளைப் பலோமார் என்ற முடிச்சால் கட்டி, அதன் மிச்ச நுனியை அரை மீற்றர் நீளம் விட்டு, அதை முள்ளின் கண்ணுக்குள் மேலிருந்து கீழாக மறுபடி கோத்தால் முள் நேராக மேல்நோக்கி நிற்கும். அந்த மறுகோப்பை மறந்தால் முள் தொங்கிக் கடி தவறும். கீழ்நுனியில் ஏழு முதல் பத்து கிராம் எடை. ஈயத்தைவிட டங்ஸ்ரன் நல்லது. தேசியப் பூங்காக்களுக்குள் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக் குண்டு வைத்திருப்பதே தடை.

ஜூலையில் அல்லி இலைகள் மூடியதும் ரப்பர் தவளை இரையின் காலம். ஐம்பது இறாத்தலுக்குக் குறைந்த பின்னல் நூலோடு அதற்குள் போகாதீர்கள். மீன் தண்ணீரை உடைத்த சத்தத்துக்கே தடியை இழுப்பவர்கள் வெறும் தவளையைத்தான் திரும்பப் பெறுவார்கள். தவளை காணாமல் போய், பாரம் கையில் தெரிந்த பிறகே இழுக்கவேண்டும்.

வசந்தம் பிந்திய ஆண்டுகளில், திறப்பு நாளன்றும் சில மீன் கூட்டில் இருக்கும். நீர்ப்பரப்பின் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்ட் கண்ணாடி போட்டுப் பாருங்கள். உங்கள் நிழல் பட்டதும் விலகி, அரை நிமிடத்தில் அதே இடத்துக்குத் திரும்பினால் அது காவல் மீன். சட்டம் அப்போது அனுமதித்தாலும் அதை விட்டுவிட்டு ஆழத்துக்குப் போவதே என் பரிந்துரை. நல்ல பெண் மீன்கள் எப்படியும் அங்கேதான் நிற்கின்றன.

கொண்டுபோகும் எண்ணிக்கை: பெரும்பாலான வலயங்களில் முழு அனுமதிப்பத்திரத்துக்கு ஆறு, குறைந்த எண்ணிக்கைக்கான கொன்சர்வேஷன் அனுமதிப்பத்திரத்துக்கு இரண்டு, அதுவும் இரண்டு வகை பாஸும் சேர்த்து. சமைக்க 30 முதல் 35 சென்ரிமீற்றர் மீன்களை எடுங்கள். பெரியவற்றில் பாதரசமும் கூடுதல். எந்த ஏரியில் எந்த அளவு மீனை மாதம் எத்தனை தடவை உண்ணலாம் என்று மாகாண அரசின் மீன் உணவு வழிகாட்டி தனித்தனியே சொல்கிறது. விடும் மீனை ஈரக் கையால், வயிற்றையும் தாங்கிக் கிடையாகப் பிடியுங்கள். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிட்டுப் படம் எடுத்தால் தாடை மூட்டு பழுதாகும்.

ஏரிக்கரையில் கொட்டேஜ் வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் ஒரு சொல். ஒன்ராறியோவில் கரையிலிருந்து 30 மீற்றருக்குள் இயந்திரப் படகின் வேகம் மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது. கூடு இருக்கும் ஆழமற்ற இடங்கள் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான். பிள்ளைகள் குளிக்கவென்று கரையோரக் கோரையை வாரி எடுப்பதும், விழுந்த மரங்களை இழுத்து அகற்றுவதும் அடுத்த ஆண்டு கூடுகளின் இடத்தையே எடுத்துவிடும்.

மாகாணம் 20 மீன்பிடி வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சிம்கோ ஏரி 16இல், கவார்த்தா ஏரிகள் 17இல், ஒன்ராறியோ ஏரி 20இல் வருகின்றன. வடக்கே சில வலயங்களில் விதி முற்றிலும் வேறு. அடுத்த முறை மீன்பிடி பற்றி எழுதும்போது ஏரியின் பெயருக்குப் பக்கத்தில் வலய எண்ணையும், அந்த ஆண்டுக்கான திறப்புத் திகதியையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நன்னீர் மீன்பிடி ஆர்வலர் ஒருவர்
ஒன்ராறியோ