ஷார்ட் ஷிஃப்டர் கேட்டு வருகிறவர்களுக்கு

நம் கும்பகோணம் பட்டறைக்கு வந்து போகிற எல்லோருக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளாகவே தம்பிகள் பலர் "அண்ணே, ஷார்ட் ஷிஃப்டர் போட்டுத் தருவீங்களா" என்று கேட்கிறார்கள். காரில் கியர் மாற்றும்போது கை போகிற தூரத்தைக் குறைக்கிற லீவர்தான் ஷார்ட் ஷிஃப்டர். போட்டுத் தருகிறோம். ஆனால் மாட்டுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் நின்று சொல்கிற விஷயம் ஒன்று இருக்கிறது, அதை எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

வீட்டு அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி நீளமாக இருந்தால் கை நிறைய தூரம் போய்வர வேண்டும், ஆனால் சின்னப் பிள்ளைகூட அடித்துவிடும். அதையே வெட்டிக் குட்டையாக்கினால் கை போகிற தூரம் குறையும், தோள் கடுக்கும். கியர் லீவரும் இதே கணக்குத்தான். லீவரின் நடுவில் உள்ள உருண்டை உட்கார்ந்து திரும்புகிற இடத்துக்கு மேலே லீவர் 30 செ.மீ., கீழே 5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், கீழ்முனை 2 செ.மீ. நகர உங்கள் கை 12 செ.மீ. போக வேண்டும். கீழ்ப்பகுதியை 6 செ.மீ. ஆக்கினால் 10 செ.மீ. போதும், ஆனால் கை கொடுக்கிற அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஷார்ட் ஷிஃப்டர் செய்வது இவ்வளவுதான், கியர்பாக்ஸுக்குள் அது எதையும் தொடுவதில்லை.

அதனால் கிளட்ச் முழுசாக விடாத வண்டிக்கும், சிங்க்ரோ ரிங் (கியர் விழும் முன் இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்குகிற வளையம்) தேய்ந்து கியர் கரகரக்கிற வண்டிக்கும் இது மருந்து இல்லை. கை வேகமாகப் போகப் போக அந்த ரிங்குக்குச் சுமைதான் கூடும்.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். லீவர் களி கிண்டுகிற துடுப்பு மாதிரி ஆடுகிறது, நியூட்ரல் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை, ஷார்ட் ஷிஃப்டர் போட்டால் சரியாகிவிடும் என்று நம்பி வந்திருந்தார். பானெட்டைத் திறந்து லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்கு வருகிற கேபிளின் அந்தப் பக்கத்து முனையைக் கழற்றினோம். உள்ளே வட்டமாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் புஷ் (கேபிள் முனை ஆடாமல் பிடித்து வைக்கிற சின்ன வளையம்) முட்டை வடிவத்தில் தேய்ந்து கிடந்தது, சுற்றிலும் வைக்கோல் தூசியும் வாய்க்கால் கரைச் சேறும் கிரீஸோடு கலந்து தார் மாதிரி இறுகிப்போயிருந்தது. நம் ஊரில் ரோட்டிலேயே நெல் காய்கிறது, ஐப்பசி கார்த்திகையில் கப்பி பெயர்ந்த ரோட்டில் முழங்கால் சேற்றுக்குள் வண்டியை விடுகிறோம், புஷ் என்ன செய்யும்? சுத்தம் செய்து, இரண்டு புஷ் மாற்றி, கேபிளைச் சரிபார்த்துக் கொடுத்தோம். தாராசுரம் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தவர், "இதுவே போதும்ணே" என்றார். பெரிய செலவு மிச்சம். இப்படி வருகிறவர்கள்தான் அதிகம், அதனால் புஷ்ஷையும் கேபிளையும் பார்க்காமல் இங்கே யாருக்கும் ஷார்ட் ஷிஃப்டர் மாட்டுவதில்லை.

எல்லாம் சரியாக இருந்து, உங்களுக்கும் அது வேண்டும்தான் என்றால், சந்தோஷமாகச் செய்வோம். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் விடுவோம், ஏனென்றால் பல கார்களில் ஏர்பேக்கைக் கட்டுப்படுத்துகிற பெட்டி லீவருக்குப் பக்கத்திலேயே, இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிற கன்சோலுக்கு அடியில் இருக்கிறது. அப்புறம் குமிழ், ரப்பர், கன்சோல், கேபிள் கிளிப், அடி நட்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் புது லீவரை உட்கார வைப்போம். நீளமான கீழ்முனை எங்கேயும் உரசாமல் போகிறதா என்பதில்தான் நிறைய நேரம் போகும். இன்ஜினை நிறுத்தி எல்லா கியரையும் போட்டுப் பார்ப்போம், ரிவர்ஸை இரண்டு தடவை.

லேத்தில் கொடுத்து லீவரின் தலையை மட்டும் வெட்டி வெல்டு வைத்துக் கொண்டு வராதீர்கள், தயவுசெய்து. குமிழுக்குக் கீழே உள்ள வளையத்தைத் தூக்கி ரிவர்ஸ் போடுகிற வண்டிகளில் அந்த வளையத்துக்கு இடமே இல்லாமல் போய்விடும், வெல்டு விட்டுவிட்டால் ஓடுகிற வண்டியில் குச்சி கையோடு வந்துவிடும். வாரண்டி இருக்கிற வண்டி என்றால் முதலில் ஷோரூமில் கேட்டுவிட்டு வாருங்கள்.

காலையிலேயே வந்தால் அன்றைக்கே முடித்துத் தரலாம். டிரைவரிடம் கொடுத்து அனுப்பாமல் நீங்களே ஓட்டி வாருங்கள். எந்த கியர் சிக்குகிறது, இன்ஜின் சூடான பிறகா, காலையில் எடுத்தவுடனேயா என்று வருகிற வழியில் கவனித்து வைத்துச் சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.