உன் முதல் லோடு பற்றி

குவாஹாட்டி

அன்புள்ள கலை,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? பெரியவன் பத்தாவது எப்படி எழுதினான் என்று நீ சொல்லவே இல்லை. இவருக்குச் சிலிகுரிக்கு மாற்றல் வரும் போலிருக்கிறது. வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

உன் குரல்செய்தியைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. "அடுத்த வாரம் முதல் லோடு ஏத்துறேன்டி, முப்பது உருப்படி, பெங்களூருக்கு. காலையில பதினொரு மணிக்கு லாரி வருது" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறாய். வேலையை விட்டுவிட்டு வெண்பன்றி வளர்க்கிறேன் என்றபோது சிரித்தவர்கள் எல்லோரும் இப்போது வந்து உன் கொட்டகையைப் பார்க்க வேண்டும். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் பதினொரு மணிக்கா ஏற்றுவாய்? நம் கால்நடை மருத்துவக் கல்லூரி தெர்மாமீட்டர் சார் கேட்டிருந்தால் உன்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பார். போனில் சொன்னால் "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் இங்கே ஒரு லாரியைப் பார்த்தேன். பஞ்சாப், ஹரியானா பக்கமிருந்து வடகிழக்குக்குப் பன்றி வருவது உனக்குத் தெரிந்ததுதான். 2019 கணக்கெடுப்பில் நாட்டிலிருந்த 90 லட்சம் பன்றிகளில் 21 லட்சம் அசாமில்தான் இருந்தன. அப்படியும் இந்தப் பக்கத்துக்குக் கறி போதவில்லை. 2,000 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாலு நாள் ஓட்டம். 2020-இல் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வந்ததிலிருந்து மாநில எல்லையை மூடுவதும் திறப்பதுமாக வேறு இருக்கிறது.

அந்த லாரி ஓடிக்கொண்டிருந்தவரை சமாளித்திருக்கிறது. வழியில் ஏதோ காகிதத்துக்காக உச்சி வெயிலில் நிறுத்திவைத்துவிட்டார்கள். தார்ப்பாயை யாரும் சுருட்டவில்லை. நான் போனபோது கேபினை ஒட்டிய முன்பகுதியில் நின்றவை வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தன. ஒரு பெட்டையின் விலாவைப் பார்த்து மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு 20, 30 இருக்க வேண்டியது நூறைத் தாண்டியது. காதும் வயிறும் திட்டுத்திட்டாகச் சிவந்து, தொடைச்சதை நடுங்கிக்கொண்டே இருந்தது. எழுப்பினால் முன்னங்காலை ஊன்றும், அப்படியே உட்கார்ந்துவிடும். பக்கத்தில் செத்துக் கிடந்த ஒன்றின் மேல் இன்னொன்று தலையை வைத்துக் கிடந்தது, விலகிப் படுக்க இடமில்லாமல்.

டிரைவர் சின்னப் பையன், பாவம், பதறிப்போயிருந்தான். ஐஸ் வாங்கித் தண்ணீரில் கரைத்து அந்தப் பெட்டையின் முதுகில் கொட்டப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். கொதிக்கிற உடம்பில் திடீரென்று ஐஸ் தண்ணீர் பட்டால் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் போகலாம். சாதாரணத் தண்ணீரைக் காலிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொல்லி, லாரியை நிழலில், காற்று குறுக்கே அடிக்கும்படி திருப்பி நிறுத்த வைத்தேன். மற்றவை தெளிந்தன. அந்தப் பெட்டை பிழைக்கவில்லை.

அன்று வெயில் 34 டிகிரிதான், கலை. ஆனால் பிரம்மபுத்திராவின் ஈரக் காற்று. பன்றிக்கு வியர்த்துச் சூட்டை விடத் தெரியாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோமே, அதை நேரில் பார்ப்பது வேறு. மூச்சும் சேறும்தான் அதற்கு வழி. லாரியில் சேறு கிடையாது. காற்றில் ஈரம் ஏறிவிட்டால் மூச்சும் கைகொடுக்காது. வளர்ந்த பன்றிக்கு 20 டிகிரி சுகம், 25-ஐத் தாண்டினாலே தவிப்பு தொடங்கிவிடும். ஐரோப்பாவில் வண்டிக்குள் 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, ஐந்து டிகிரி முன்பின் இருக்கலாம் என்று சட்டமே இருக்கிறது. உன் ராசிபுரத்தில் இப்போது வெளியிலேயே 40 இருக்குமே.

பெங்களூர் பக்கம்தானே என்பாய். எனக்குப் பயம் தொப்பூர் கணவாய். அங்கே ஒரு லாரி கவிழ்ந்தால் இரண்டு மணி நேரம் எதுவும் நகராது. வண்டி ஓடும்போது அடிக்கிற காற்றுதான் அவற்றுக்கு மிச்சம். நின்றதும் அத்தனை உடம்புச் சூடும் உள்ளேயே தங்கிவிடும். அதனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் கிளப்பு. விடிவதற்குள் ஓசூரைத் தாண்டிவிடும். சாப்பாட்டுக்கு என்று எங்கும் நிறுத்தக் கூடாது என்று டிரைவரிடம் முதலிலேயே பேசிவிடு.

அப்புறம் இந்த முப்பது. 17 அடிக்கு 7 அடி லாரி என்று வை, தரை 11 சதுர மீட்டர். நம் மோட்டார் வாகன விதியில் ஒரு பன்றிக்கு 0.6 சதுர மீட்டர், ஆக 18 உருப்படி. ஐரோப்பியக் கணக்கில் 100 கிலோ பன்றி 25 வரை போகலாம். வெயிலைப் பார்த்து இன்னும் 20 சதவீதம் இடம் கேட்கவும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு. எந்தக் கணக்கிலும் முப்பது வராது. வியாபாரி டீசல் செலவைச் சொல்லுவார். நீ 18-ல் நில்.

எடை ஏற வேண்டும் என்று வயிறு நிறையத் தீனி போட்டு ஏற்றச் சொல்வார்கள், கேட்காதே. தீனி செரிக்கும்போது உடம்புச் சூடு ஏறும், வழியில் வாந்தியும் எடுக்கும். ஆறு மணி நேரம் முன்பே தீனியை நிறுத்து, தண்ணீரை மட்டும் கடைசி வரை விடு. வைக்கோல் வேண்டாம், ஈர மணலோ மரத்தூளோ பரப்பு. கிளம்பும் முன் மேலே நன்றாகத் தெளித்துவிடு. வண்டி ஓடினால் அந்த ஈரம் காயும்போது குளிரும். மூடிய வண்டியில் நின்றபடி தெளித்தால் புழுக்கம்தான் கூடும். ஒரே பட்டியில் வளர்ந்தவை ஒன்றாகவே நிற்கட்டும். புதிது சேர்ந்தால் சண்டை, சண்டையில் சூடு. ஏற்றும் ஆட்கள் கையில் குச்சி இருக்கக் கூடாது. பலகையை மறைத்துப் பிடித்து நாலைந்தாக நடத்தினால் தானே ஏறும். பூங்கோதையின் ஸ்கூட்டர் மாதிரி பின்னாலிருந்து தள்ளாதே!

"கறிக்குப் போறதுக்கு இவ்வளவா?" என்று உன் வீட்டுக்காரர் கேட்கலாம். வழியில் செத்தால் நஷ்டம், தவித்துப் போய்ச் சேர்ந்தால் கறி வெளிறி நீர்விடும் என்று அவருக்குச் சொல்லிக்கொள். உன்னிடம் எனக்கு அந்தக் கணக்கு பேச மனமில்லை. ராத்திரி முழுக்க விழித்திருந்து, ஒவ்வொரு குட்டியாக மூக்கைத் துடைத்து முலையில் விட்டுவிட்டு, விடிகாலை நாலு மணிக்கு எனக்குப் போட்டோ அனுப்பியவள் நீ. அதே குட்டிகள்தான் லாரி ஏறப் போகின்றன.

பயணத்துக்குத் தகுதி என்று டாக்டர் சான்று வேண்டும். உன் பன்றிக்கு நீயே எழுதிக்கொள்ளாதே, நம் சீனியர் அண்ணனைக் கூப்பிடு. லாரித் தரையை டேப் வைத்து அளந்து எனக்கு அனுப்பு. வியாபாரி ராத்திரி ஏற்ற ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் எண்ணைக் கொடு, நான் பேசுகிறேன். அதற்கும் மசியவில்லையென்றால் வேறு வியாபாரியைப் பார். தீனிச் செலவு நாலு நாள் கூடினால் கூடட்டும்.

அன்புடன்,
உன் ராணி