மாலை ரயில் வரைக்கும் சென்னையில் என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பில் ஒரே நாளில் சென்னையைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று ஒரு பக்கம் முழுக்கப் பட்டியல் போட்டிருந்தீர்கள். காலையில் மெரினா, அப்புறம் வண்டலூர் உயிரியல் பூங்கா, மதியம் கபாலீஸ்வரர் கோயில், அதற்கு மேல் மாமல்லபுரம், ராத்திரி தி.நகரில் துணி எடுப்பது. எழுதியவர் பைக்கில் தனியாகச் சுற்றுகிற இளவட்டமாக இருக்க வேண்டும். எழும்பூரில் இருந்து மாமல்லபுரம் 50 கிலோமீட்டருக்கு மேல். வயசான அம்மா, பிள்ளைகள், கை நிறையப் பை, அதில் ஒன்று கருவாட்டுப் பை, இத்தனையையும் இழுத்துக்கொண்டு அந்தப் பட்டியலில் பாதியை முடிக்கிற குடும்பம் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே கிடையாது என்று நான் எழுதியே தருவேன்.

எங்கள் பக்கத்து நிலைமையைச் சொல்கிறேன். ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடம், பாம்பன், மண்டபத்துக்காரர்கள் சென்னையைப் பார்க்கவென்று சென்னைக்குப் போவது குறைவு. விசாகப்பட்டினத்தில் அக்கா குடும்பம், ஐதராபாத்தில் தம்பி, இல்லையென்றால் வளைகுடா நாட்டுக்கு விமானம் ஏறுகிற ஒருவரை வழியனுப்ப என்று எங்கேயோ போகிற வழியில் சென்னை வரும். ராத்திரி ரயிலில் ஏறி விடிகாலையில் எழும்பூரிலோ தாம்பரத்திலோ இறங்கினால், சென்ட்ரலில் அடுத்த ரயில் சாயங்காலமோ ராத்திரியோதான். நடுவில் கிடைக்கிற அந்தப் பகல்தான் எங்கள் பிள்ளைகளுக்கு டூர். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோனபோது தீவுக்காரர்கள் மூட்டை முடிச்சோடு பஸ் பிடித்து மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் வந்து ரயில் ஏறினோம், அதை நினைத்தால் இப்போது எவ்வளவோ தேவலை, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரத்திலேயே ஏறிப் படுத்துவிடலாம்.

சரி, கிளம்புவது எப்போது என்று பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, பள்ளிக்கூடமும் லீவு, இப்போதே போய் வந்துவிடுவோம் என்று ஊரே கிளம்புவது அப்போதுதான். ஆக நாங்கள் சென்னையில் இறங்குவது சரியாக அக்னி நட்சத்திரத்தில். பகல் பதினொரு மணிக்கு மெரினா மணலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு குடும்பம் நடந்தால் அது ஏதோ தெற்கத்தி ரயிலில் வந்த குடும்பம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

மெரினா பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சென்னையில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் முதல் வேலையாக "வாங்க, பீச்சுக்குப் போவோம்" என்பார்கள். ஐயா, எங்களுக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வீட்டுக்குப் பின்னால் அலையே இல்லாத பாக் நீரிணை, ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் மன்னார் வளைகுடா. "எனக்கே கடலக் காட்டுறீகளா, அதுக்கு ஆட்டோவுக்குக் காசு வேறயா" என்று எங்கள் அம்மா மணலில் கால் வைக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளுக்கும் பத்து நிமிடத்தில் சலித்துவிட்டது.

மச்சானை மட்டும் நகர்த்த முடியவில்லை, ஆனால் அவர் நின்றது மெரினாவில் இல்லை, கொஞ்சம் தெற்கே நொச்சிக்குப்பம் மீன் மார்க்கெட்டில். படகுக்காரர் அவர். தட்டுத் தட்டாக நின்று சீலா என்ன விலை, நண்டு என்ன விலை, ஐஸ் போட்டு எத்தனை நாள் ஆச்சு என்று விசாரித்து, ஒரு சங்கரா மீனின் செவுளை விரலால் தூக்கிப் பார்த்து, ஒன்றும் வாங்காமல் அடுத்த தட்டுக்குப் போனார். மீன் விற்ற அம்மா கோபப்படவில்லை. அவர் செவுளைத் தூக்கிய விதத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது போல, "எந்த ஊருண்ணே, போட்டெல்லாம் கட்டியாச்சா?" என்று கேட்டார். அப்புறம் இரண்டு பேரும் டீசல் விலையில் ஆரம்பித்து எங்கெங்கோ போய்விட்டார்கள். எங்கள் ஊர்க் கரையில் ஏலம் போகிற விலைக்கும் அங்கே தட்டில் சொல்கிற விலைக்கும் நடுவில் யார் யார் தின்கிறார்கள் என்பதை ரயிலில் ஆந்திரா தாண்டும் வரை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். என்னைக் கேட்டால் அவர் பார்த்த சென்னைதான் நாங்கள் எல்லாரும் பார்த்ததிலேயே உருப்படியானது. உங்கள் பட்டியலில் மீன் மார்க்கெட் இல்லை.

இன்னொன்றும் இல்லை, அதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். எழும்பூர் ஸ்டேஷனில் இருந்து நடக்கிற தூரத்தில், பாந்தியன் சாலையில், அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. 1851இல் தொடங்கியது, கொல்கத்தா மியூசியத்துக்கு அடுத்து நாட்டிலேயே பழையது. ரயிலுக்கும் ரயிலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பத்துக்கு இதைவிடத் தோதான இடம் சென்னையில் இல்லை என்பது என் கட்சி. மரநிழல் உண்டு, உட்கார இடம் உண்டு, வெயில் கொல்லுகிற நேரத்தில் கூரைக்குள் இருக்கலாம். செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர், திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் எல்லாம் இருக்கிறார்கள். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்தான், ஆனாலும் என் மனைவி அந்த அர்த்தநாரீஸ்வரரைச் சுற்றிச் சுற்றி வந்தார், ஒரு பக்கம் இருந்து பார்த்தால் ஆண், அந்தப் பக்கம் போனால் பெண், நடுவில் எங்கே மாறுகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லையாம். பையனுக்கு அதிலெல்லாம் மனம் போகவில்லை. விலங்கியல் கூடத்தில் தொங்குகிற திமிங்கில எலும்புக்கூட்டுக்குக் கீழே வாலில் இருந்து தலை வரைக்கும் அடிமேல் அடி வைத்து அளந்து, தாத்தாவின் வள்ளத்தைவிடப் பெரிசு என்று தீர்ப்புச் சொன்னான்.

எங்கள் கடற்கரைக்கும் அந்தக் கட்டடத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு, அது எங்கள் ஊரிலேயே பல பேருக்குத் தெரியாது. 1885 முதல் 1908 வரை அங்கே பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, சங்குகுளிப்பு பற்றி ஆராய்ந்து எழுதியவர். 1927இல் அதே மியூசியம் பாம்பனுக்கு அருகே இருக்கிற குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி ஒரு தனி வெளியீடே போட்டது. பாம்பன் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் வழியாகக் கை காட்டுகிறோமே, அந்தத் தீவுகள்தான். நட்சத்திர மீனும் கடல் அட்டையும் தேடி அந்தக் காலத்தில் சென்னையில் இருந்து ஆள் வந்திருக்கிறார்கள், நாம் எழும்பூரில் இறங்கிவிட்டு அந்தக் கேட்டைத் தாண்டி ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கிறோம்.

ஒரே ஒரு சிக்கல், வெள்ளிக்கிழமை விடுமுறை. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருக்கிற மியூசியத்துக்கும் அதே வெள்ளிதான். வியாழக்கிழமை ராத்திரி ரயில் ஏறினால் வேலை கெடாமல் போய் வரலாம் என்று கிளம்புகிற எங்கள் ஆட்களுக்கு இது தெரியாது. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் அப்படிப் போய்ப் பூட்டின கேட்டுக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தது. இந்த ஒரு வரியை நீங்கள் அச்சடித்திருந்தால் அவர்களுக்கு ஒரு பகல் மிச்சம்.

அப்புறம் பை. எந்த ஊர் சுற்றுலாக் கட்டுரையும் பையைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஸ்டேஷன் க்ளோக் ரூமில் பை வைக்க ரயில் டிக்கெட்டைக் காட்ட வேண்டும், பை பூட்டியிருக்க வேண்டும். விதி சரிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அக்காவுக்கு என்று எடுத்துப் போகிற கருப்பட்டி ஓலைப்பெட்டியில் இருக்கிறது, ஓலைப்பெட்டிக்கு எங்கே பூட்டுப் போடுவது? கருவாட்டைப் பேப்பரில் சுற்றி மூடிபோட்ட டப்பாவில் அடைத்து, ஓலைப்பெட்டியோடு சேர்த்து ஒரே பெரிய ஜிப் பையில் போட்டு, ஊரிலேயே ஒரு சின்னப் பூட்டு வாங்கிப் பூட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. குளித்து உடை மாற்ற வேண்டும் என்றால் ரயில்வே ஓய்வறையை பிஎன்ஆர் எண்ணை வைத்து ஆன்லைனில் முன்கூட்டியே பதிவு செய்யலாம், லாட்ஜ் தேடி அலைய வேண்டியதில்லை.

போக்குவரத்துக்கு ஆட்டோவை மட்டுமே நம்ப வேண்டியதும் இல்லை. எழும்பூரில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷனே சென்ட்ரல். பிள்ளைகளுக்கு மெரினாவைவிட அதுதான் பிடித்தது. நகரும் படிக்கட்டில் கால் வைக்க அம்மாவுக்குப் பயம், அதற்கு லிஃப்ட் இருக்கிறது. சென்ட்ரலுக்கு எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினால் கலங்கரை விளக்கம், திருமயிலை வரைக்கும் ஆட்டோக் காசில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாமல் போய்விடலாம். சாதாரணக் கட்டண மாநகர பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, வெளியூர்ப் பெண்களுக்கும்தான்.

உங்கள் பட்டியலில் கபாலீஸ்வரர் கோயிலை மதியத்தில் வைத்திருக்கிறீர்கள். பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். மயிலாப்பூரும் சாந்தோமும் காலையில் ஆறு ஏழு மணிக்குப் போக வேண்டிய இடங்கள், வெயிலும் இருக்காது, கூட்டமும் இருக்காது. அங்கிருந்து எழும்பூர் வந்து இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு மேல் மியூசியம், பிள்ளைகள் போதும் என்கிறவரைக்கும். அப்புறம் மெட்ரோ ஏறி சென்ட்ரல். நேரம் மிஞ்சினால் பக்கத்திலேயே ரிப்பன் மாளிகை, வெளியில் நின்று பார்த்தால் போதும். ஒரு பகலுக்கு இவ்வளவுதான் தாங்கும், இதற்கு மேல் சேர்த்தால் அம்மா நம்மோடு பேச மாட்டார்.

சம்பந்தப்பட்டவர்கள் கண்ணில் பட்டால் நல்லது என்று இரண்டு யோசனையும் எழுதிவிடுகிறேன். எழும்பூர் ஸ்டேஷன் வாசலில், மியூசியம் எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எந்தக் கிழமை விடுமுறை என்று தமிழில் ஒரு பலகை. கோடை லீவு மாதங்களில் மட்டுமாவது மியூசியத்தைக் காலை எட்டு மணிக்கே திறந்தால், விடிகாலையில் இறங்கி பிளாட்பாரத்தில் கொட்டாவி விடுகிற அத்தனை தென்மாவட்டக் குடும்பமும் உள்ளே வந்துவிடும்.

அடுத்து 'ஒரே நாளில் ராமேஸ்வரம்' போடுகிற எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்கேயும் கோயில் மதியம் ஒரு மணிக்கு நடை சாத்தி மூன்று மணிக்குத்தான் திறக்கும். தனுஷ்கோடியில் இருந்து இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும், போலீஸ் விட மாட்டார்கள். அதை முதல் வரியிலேயே போடுங்கள். நல்ல மீன் சாப்பாடு எங்கே என்று கேட்டால், தடைக்காலத்தில் வராதீர்கள் என்றும் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கச்சிமடம் வாசகர் ஒருவர்