மண்டையோட்டை ஆண் என்று எழுதுமுன்

யாழ்ப்பாணம்

அன்பு மகளுக்கு,

எலும்பாய்வுப் பயிற்சியின்போது தந்த மண்டையோட்டை ஆணுடையது என்று நீ முடிவுசெய்தபின், அதனோடு சேர்ந்த இடுப்பெலும்பு பெண் என்று காட்டியதாக எழுதியிருந்தாய். இடுப்பெலும்பையே நம்பு, பிள்ளை. பிள்ளைப்பேற்றுக்கு ஏற்றவாறு அகன்ற எலும்பு அது; மண்டையோட்டில் இருக்கும் வேறுபாடோ பெரும்பாலும் பருமனையும் தசைப்பிடிப்பையும் பற்றியது.

புருவமேடு, கண்குழியின் மேல்விளிம்பு, காதுக்குப் பின்னுள்ள எலும்பு முளை, பிடரி மேடு, நாடி ஆகிய ஐந்தையும் 1 முதல் 5 வரை தரமிடுகிறோம். 1 என்றால் பெண்ணின் நுண்மை, 5 என்றால் ஆணின் முரட்டுத்தன்மை. ஆனால் உண்மையான மண்டையோடுகளிற் பல நடுவிலேதான் நிற்கும். ஒரே மண்டையோட்டில் பிடரி ஒன்றைச் சொல்ல, நாடி வேறொன்றைச் சொல்வதும் உண்டு. வயது போன பெண்ணின் புருவமேடு தடித்துவிடலாம், இருபது வயது இளைஞனின் நெற்றி வழுவழுப்பாகவே இருக்கலாம். ஐயம் வந்தால் ஆண் என்று எழுதிவிடும் பழக்கம் உன்னுடையது மட்டுமன்று: 1972 இல் அமெரிக்க மானிடவியலாளர் கென்னத் வைஸ், தொல்லியல் எலும்புக்கூடுகளின் கணக்குகளை ஆராய்ந்து, அவை ஏறத்தாழ 12 சதவீதம் ஆண் பக்கம் சாய்ந்திருப்பதைக் காட்டினார்.

இன்னொன்றையும் மறவாதே. நாம் கையாளும் அளவுகோல்களிற் பல, கிளீவ்லாந்து நூதனசாலையில் இருப்பதைப் போன்ற அமெரிக்க எலும்புத் தொகுதிகளிலிருந்து பெறப்பட்டவை. உடல் சிறுத்த ஒரு சமூகத்தின் ஆண்களை அதே அளவுகோல் பெண்களாக்கிவிடக்கூடும். ஆகவே எங்கள் மக்களின் எலும்புகளை எங்கள் மக்களின் எலும்புகளோடுதான் ஒப்பிட வேண்டும் என்று நான் படிப்பித்த காலம் முழுவதும் வலியுறுத்தினேன்.

இது பரீட்சைப் புள்ளிக்காகச் சொல்வதன்று. 2025 இல் இங்கே யாழ்ப்பாணத்தில், செம்மணி சித்துப்பாத்தி மயானத்தின் மனிதப் புதைகுழியை அகழ்ந்தபோது சிறுவர்களின் எலும்புக்கூடுகளும் வெளிவந்தன. பருவமடையுமுன் மண்டையோட்டைக் கொண்டு ஆண் பெண் பிரிப்பது நம்பத்தக்கதன்று. மகனைத் தேடும் தாய் ஒருத்தியின் முன் நாளை நீ அறிக்கையோடு நிற்க நேர்ந்தால், ஒவ்வொரு பகுதியின் தரத்தையும் தனித்தனியே பதிந்து, தெளிவில்லாத இடத்தில் "தீர்மானிக்க முடியவில்லை" என்று எழுதி, மரபணுப் பரிசோதனைக்கு வழிவிடு. அவசரமாக எழுதிய ஒரு சொல், அந்த எலும்புகளைத் தேடும் குடும்பத்தின் பட்டியலிலிருந்தே அவற்றை நீக்கிவிடும்.

அந்த மண்டையோட்டின் கண்குழி விளிம்பு கூர்மையாக இருந்ததா, மழுங்கியிருந்ததா என்று நீ எழுதவில்லை. விரலால் தடவிப் பார்த்து அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அப்பா