துவாயை எறியச் சொல்கிறாயா?

அன்பின் மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். சின்னாச்சிக்கு முழங்கால் வலி, வாய்க்கு ஒன்றுமில்லை.

உன் மெசேஜைப் பார்த்த கொதியில்தான் எழுதுகிறேன். காலபோக உழவு தொடங்குகிற நேரம் பார்த்து லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் எஞ்சின் போய்விட்டது என்றேன், நீ ‘கட் யுவர் லொசஸ்’, நட்டம் இன்னும் கூடமுதல் கைவிடு, வயலை விற்றுவிட்டு ரியூசனோடு இரு என்கிறாய். அது பங்குச் சந்தைக்காரன் கதையடா. அவன் இன்றைக்கு நட்டத்துக்கு விற்றாலும் நாளைக்கு வேறு பங்கு வாங்குவான், இரணைமடுக் குளத்துக்குக் கீழே வாய்க்கால் தண்ணி பாய்கிற காணியை விற்றால் நான் பிறகு எங்கே போய் வாங்குவது?

அந்தக் கோபத்தில் ரியூசனிலும் இதே மாதிரி மரபுத்தொடர்களைத்தான் படிப்பித்தேன். ‘துறோ இன் த ரவல்’, துவாயை எறிந்து தோல்வியை ஒத்துக்கொள்வது, குத்துச்சண்டையில் வந்தது. தன் ஆள் இனி அடி தாங்கமாட்டான் என்று கண்டால் மூலையில் நிற்பவர் துவாயை மேடைக்குள் வீசுவார், 19ஆம் நூற்றாண்டில் வீசியது ஸ்பொஞ்ச். கவனி, வீசுவது அடி வாங்குகிறவன் இல்லை, வெளியே நிற்கிறவன். உன்னைப் போல. ஒரு பெடியன், “சேர், துவாயை எறிந்தால் சீற் பிடிச்சாச்சு என்றெல்லோ அர்த்தம்?” என்றான். பரந்தன் பஸ்ஸுக்குள் லேஞ்சி எறிந்து நீ அந்தக் கிழவியிடம் வாங்கிக் கட்டியதை நினைத்து நானும் சிரித்துவிட்டேன்.

‘கிவ் அப் த கோஸ்ட்’ 1611ஆம் ஆண்டு பைபிளில் இயேசு உயிர்விடுகிற இடத்தில் வருவது, இப்போது மெசின் நின்றாலும் அதையே சொல்கிறார்கள். என்னுடையதும் அப்படித்தான், கறுப்பாய் இரண்டு தரம் புகைத்தது, டக்கென்று ஒரு சத்தம், பிறகு எவ்வளவு சுற்றியும் மூச்சில்லை.

‘லூஸ் யுவர் சேர்ட்’ என்றால் சூதாடி, போட்டிருந்த சேர்ட்டையும் தோற்பது என்றேன். “எங்கட அம்மாவுக்கு மிஞ்சினதே போட்டிருந்த உடுப்புத்தான் சேர்” என்றாள் ஒரு பிள்ளை. 2009இல் யுத்தத்தில் எங்கள் எல்லோருக்கும் அதுதானே? வட்டக்கச்சியில் வீடு, தருமபுரத்தில் உழவு இயந்திரம், மாத்தளனில் கடைசிப் பெட்டி. விட்டுவிட்டு ஓடினோம், வேண்டாம் என்று விடவில்லை. திரும்பப் போகலாம் என்றதும் அப்பா கூரைத் தகரத்துக்குக்கூட அலையாமல் முதலில் பற்றை வெட்டி வரம்புதான் கட்டினார்.

சரி, எஞ்சினுக்குக் காசு அனுப்பு, கடனாகத்தான், நெல் விற்றதும் தருவேன். கட்டையனிடம் கேட்டால் வட்டியோடு ஊருக்கும் சொல்லுவான். உன் பங்குக் காணியையும் நான்தான் விதைக்கப்போகிறேன், அதை விற்கிற கதையோடு போன் எடுக்காதே.