எங்கள் சிப் செல்லை விரட்டுகிறதா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரி, கடலூர் ஆய்வக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “சேதராப்பட்டு சிப் செல்லைப் பிடிக்காது, விரட்டும்.” எங்கள் சிப், அதன் மின்முனைகளுக்கு மாறுமின்சாரம் கொடுத்து, கரைசலில் மிதக்கும் உயிரணுக்களை (செல்) மின்புலத்தால் நகர்த்திப் பிடிக்கும் சின்ன ஆய்வகச் சாதனம்; இந்த முறைக்கு டைஎலெக்ட்ரோஃபோரெசிஸ் என்று பெயர். பலர் ஃபோன் போட்டே கேட்டுவிட்டீர்கள். சரி, எழுத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

புகார் சொன்ன ஆய்வகத்தாரிடமிருந்து அந்தச் சீப்பு வடிவ மின்முனை சிப்பைத் திரும்ப வாங்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். மின்முனைகளில் ஒரு கீறல்கூட இல்லை. அவர்கள் செல்லைப் போட்டது சாதாரண பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில். அதன் கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 1.5 சீமென்ஸ். செல்லை விடக் கரைசலே மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்போது, மின்புலம் செறிந்த மின்முனை ஓரத்தை விட்டுச் செல் விலகித்தான் போகும். ஓரத்தில் வந்து உட்கார வேண்டுமென்றால் உப்பைக் குறைத்து, 8.5 சதவீத சுக்ரோஸோடு கொஞ்சம் டெக்ஸ்ட்ரோஸ் கலந்த சர்க்கரைக் கரைசல் வேண்டும். சிப்போடு தரும் தாளின் முதல் பக்கத்திலேயே இது இருக்கிறது. எங்கள் நான்கு முனை சிப் வாங்கியவர்கள் இதே விலகலை வைத்துத்தான் ஒற்றைச் செல்லை நடுவில் நிறுத்துகிறார்கள், அதுவும் பிபிஎஸ்ஸிலேயே! எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குழுவில் போட்டதுதான் மனசுக்குக் கஷ்டம்.

அப்புறம், ஈஸ்டை ஓட்டிப் பார்த்து “பிடி பலமில்லை” என்றவர்களுக்கு: செல்லை நகர்த்தும் இந்த விசை செல்லின் ஆரத்தின் மும்மடியைப் பொறுத்தது. 10 மைக்ரான் செல்லுக்குக் கிடைப்பதில் எட்டில் ஒரு பங்குதான் 5 மைக்ரான் ஈஸ்டுக்கு. அதனால் கரைசலைத் தள்ளும் சிரிஞ்சு பம்பின் வேகத்தைக் குறையுங்கள். வோல்டேஜை இரண்டு மடங்கு ஏற்றினால் சூடு நான்கு மடங்காகும், செல் தாங்காது. மாறுமின்சாரத்தின் அதிர்வெண்ணை ரொம்பக் கீழே இறக்கினாலும் குமிழி கிளம்பித் தங்கம் உரிந்துவிடும்.

தங்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. மின்முனையில் குரோமியத்துக்கு மேல் இருப்பது தங்கப் பூச்சு. அது விற்கிற விலையை, வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாதம் முதல் புதிய விலை, பட்டியல் இணைப்பில். பயன்படுத்திய சிப்புக்கு மாற்று தருவதும் அதோடு நிற்கிறது.

தொடக்கத்திலிருந்து எங்கள் சிப்பை ஓட்டிப் பார்த்து, நிறை குறையை நேரில் வந்து சொன்ன காலாப்பட்டு, கோரிமேடு பக்கத்து நண்பர்களுக்கும், மழைக்காலத்தில் பார்சல் தாமதமானபோது பொறுத்துக்கொண்ட கடலூர்க்காரர்களுக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் இல்லாமல் இந்தப் பட்டறை ஓடாது.

சந்தேகம் இருந்தால் சனிக்கிழமை பட்டறைக்கே வாருங்கள். உங்கள் கரைசலைக் கொண்டு வந்தால் போதும், கடத்துதிறன் மீட்டர் எங்களிடம் இருக்கிறது. காசு வேண்டாம்.

அன்புடன்,
உரிமையாளர்,
சேதராப்பட்டு, புதுச்சேரி